சத்தமில்லாத பாதி

பட்டனுக்கு என்ன நிறம் வைக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நிறம் அவ்வளவு முக்கியமில்லை. பட்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் இருந்தால் மங்கிப்போன பட்டனையும் அழுத்துவார்கள். எட்டாத மூலையில் வைத்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. நேற்று என் பெயரை ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நீங்கள் சேவ் பட்டனைத் தேடிப் பக்கத்தை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தீர்கள். அது உங்கள் தவறு இல்லை. செய்தவன் தவறு.

தமிழிலேயே எழுதிக் கொடு, மலையாளத்தில் மாற்றிக்கொள்கிறோம் என்றீர்கள். நல்லது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுதினால் பிழை வரும். எழுதுவதில் பிழை வருவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் வேல்முருகன். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு ஒன்றில், அம்மாவோடு இருக்கிறேன். அம்மா வேலுத்தாய் கொழுந்து பறிக்கிறாள். அப்பா இல்லை. என்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டேன். பிறகு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். வெளிநாட்டுக் கடைகளின் இணையதளத்தில் ஏதாவது உடைந்தால் விடிவதற்குள் சரிசெய்ய வேண்டும். உடைவது என்றால் ஒரு படம் கொஞ்சம் தள்ளி நிற்கும், ஒரு எழுத்து பட்டனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்காக ஒரு ஆளை ராத்திரி முழுக்க விழிக்க வைப்பார்கள். அதையும் விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டீர்கள். சொல்லும்படி ஒரு காரணமும் இல்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஊருக்கு வந்த பிறகும் தூக்கம் மட்டும் மாறவில்லை. மற்றவர்கள் எழுந்திருக்கும்போதுதான் எனக்குக் கண் சொருகும்.

எங்கள் லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஒரே பாதை. ஏலக்காட்டின் ஓரமாக வளைந்து போகும். விளக்கு கிடையாது. யானையும் அந்த வளைவில்தான் தண்ணீருக்கு இறங்கும். விளக்கு கேட்டு எஸ்டேட்டுக்கு எழுதினோம், பஞ்சாயத்துக்கு எழுதினோம், வனத்துறைக்கு எழுதினோம். பாதை எங்களுடையது இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். யாருடையது என்று தெரியாத பாதையில்தான் நாங்கள் தினமும் நடந்தோம்.

பெரியமுத்து மாமா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. வனத்துறையில் தினக்கூலி வாச்சர். மேட்டில் உட்கார்ந்து யானை இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இறங்கினால் ஒவ்வொருவராக போன் போடுவார். முதல் போன் எப்போதும் அவர் மனைவி முத்துப்பேச்சிக்கு. எனக்கு அத்தை முறை, அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நாலைந்து பேருக்குப் போடுவதற்குள் போனில் சார்ஜ் போய்விடும், அல்லது யானை பாதைக்கு வந்துவிடும்.

அதற்குத்தான் நான் அந்தப் பக்கத்தைச் செய்தேன். இணையப் பக்கம்தான், ஆப் மாதிரி போனில் ஏற்றிக்கொள்ளலாம். மாமா தன் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் பதிவு செய்திருக்கிற எல்லா போனிலும் திரை முழுக்கச் சிவப்பாகி ஊளையிடும். ‘பாத்துட்டேன்’ என்ற பட்டனை அழுத்துகிறவரை நிற்காது. அந்தப் பட்டனைத் திரையின் கீழே, பாதித் திரைக்குப் போட்டேன். கொழுந்துக் கறை படிந்த விரல், மழைநீர் சொட்டுகிற விரல், கண்ணாடி உடைந்த திரை, எல்லாவற்றுக்கும் அது வேலை செய்ய வேண்டும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் நம் எழுத்தை வைத்தால் கொம்பும் கொக்கியும் வெட்டுப்பட்டுவிடும். அதையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இதையெல்லாம் சொல்வது, நான் கவனமில்லாதவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக.

முதலில் முத்துப்பேச்சி அத்தை கையில்தான் கொடுத்துப் பார்த்தேன்.

“மருமவனே, செவப்ப இன்னும் கொஞ்சம் கூட்டுய்யா. எங்க சூப்ரவைசர் மூஞ்சி மாதிரி இருக்கணும். பாத்த ஒடனே ஓடத் தோணணும்” என்றாள்.

‘யானை’ என்று எழுதியிருந்ததை மாற்றச் சொன்னதும் அவள்தான். “பேரச் சொன்னா திரும்பிப் பாப்பாரு. பெரியவருன்னு போடு” என்றாள். ‘பெரியவர் பாதையில் நிற்கிறார்’ என்று போட்டேன்.

வேலை செய்தது. ஏலக்காட்டில் மரம் முறிகிற சத்தம் கேட்டதும் மாமா அழுத்துவார். லயம் முழுக்க ஊளை கேட்கும். நடந்துகொண்டிருப்பவர்கள் திரும்பிவிடுவார்கள். சில வாரங்களில் மாமா யாருக்கும் போன் போடுவதை நிறுத்திவிட்டார்.

“இனி எதுக்கு போனு? ஒரு அமுக்கு, எல்லாருக்கும் போயிருது. உங்க அத்தகிட்டப் பேசுற தொல்லையும் மிச்சம்” என்றார்.

“ஆமா, இத்தன நாளு பேசிக் கிழிச்சாரு” என்றாள் அத்தை, உள்ளேயிருந்து.

மாமா போன் போடுவதை நிறுத்தியதை நான் அப்போது என் பக்கத்துக்குக் கிடைத்த மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேலை வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு டிசைன் நிறுவனத்துக்கு என் வேலைகளை அனுப்பியிருந்தேன். அங்கே குழுத்தலைவி தமிழ்ப்ரியா. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். வீடியோவில் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

“நல்லாத்தானுங்க பண்ணியிருக்கீங்க வேல்முருகன். ஆனா ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி இருக்குதுங்க. இப்பெல்லாம் யாரும் இப்படிக் கத்தறதில்லீங்க. அமைதியா, பதனமா சொல்றதுதானுங்க இப்ப” என்றாள்.

இங்கே கத்தத்தான் வேண்டும் என்றேன்.

“சரிங்க. இது வேலை செய்யுதுன்னு எப்படிங்க சொல்றீங்க?”

“இத ஆரம்பிச்ச பெறவு ஒருத்தரும் சாகலைங்க.”

“அதுக்கு முன்னாடி மாசாமாசம் யாராச்சும் செத்துட்டு இருந்தாங்களா?”

இல்லை. வருடத்துக்கு ஒருவர். சில வருடம் அதுவும் இல்லை.

“அப்பறம் உங்க பக்கத்தாலதான் யாரும் சாகலைன்னு எப்படிங்க சொல்ல முடியும்?” என்றாள். “நாங்க சேலைக்கடை சைட்டுல ஒரு பட்டன மாத்துனாக்கூட பாதிப் பேத்துக்குப் பழசு, பாதிப் பேத்துக்குப் புதுசுன்னு காட்டிப் பாப்பமுங்க. எது நல்லாப் போகுதுன்னு கணக்கு வந்தப்பறந்தான் பேசுவம். அழகான படம் எல்லாரும் வச்சிருக்காங்க. கணக்கோட வாங்க, நானே எடுத்துக்கறேன்.”

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் சேலைக்கடையைப் பற்றிப் பேசினாள். நான் எடுத்துக்கொண்டது வேறு. அவளை நீங்கள் கூப்பிட வேண்டாம்.

அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. யாரும் சாகாமல் இருப்பது கணக்கில் வராது. நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது. நீங்களும் போலீஸ் வேலைதான் செய்கிறீர்கள். நீங்கள் இருப்பதால் நடக்காமல் போன திருட்டு எத்தனை என்று உங்களால் காட்ட முடியுமா.

புதிய வடிவத்தைச் செய்தேன். பழையதற்கு ஆன நேரத்தைவிட அதிகம் ஆனது. ஃபிக்மா என்கிற டிசைன் மென்பொருளில் எத்தனையோ முறை கலைத்துக் கலைத்து வரைந்தேன். வெண்சாம்பல் நிறத்தில் சின்ன அட்டை. ஓரம் மழுங்கியிருக்கும். இடது பக்கம் ஒரு மஞ்சள் புள்ளி. ‘அருகில் வனவிலங்கு நடமாட்டம் இருக்கலாம்’ என்று ஒரே வரி. சத்தம் கிடையாது. போன் ஒரே ஒருமுறை மெல்ல அதிரும். சுற்றிலும் நிறைய வெற்றிடம். அது அழகாக இருந்தது. நான் செய்ததிலேயே அழகானது அதுதான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

பாதிப் பேருக்குப் பழைய சிவப்பு, பாதிப் பேருக்குப் புதியது. எப்படிப் பிரிப்பது என்பது முக்கியம். நானே ஆள் பார்த்துப் பிரித்தால் கணக்கு செல்லாது. ஆகவே போன் எண்ணின் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொண்டேன். இரட்டைப்படை என்றால் சிவப்பும் ஊளையும். ஒற்றைப்படை என்றால் சாம்பல் அட்டை. எண்ணைக் கொடுத்தது போன் கம்பெனி. நான் இல்லை.

லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒற்றைப்படைக்காரர்கள் கூடுதல் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். பிறகு அளப்பதற்கு என்ன இருக்கிறது. இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் போனில் இருக்கிற ஒவ்வொரு ஆப்பும் உங்களை ஏதோ ஒரு பாதியில் வைத்திருக்கிறது. எந்தப் பாதி என்று உங்களுக்கும் தெரியாது.

அந்த வாரத்தில்தான் அம்மாவுக்குப் புது சிம் வாங்கினேன். பழைய சிம்முக்கு லயத்துக்குள் சிக்னல் நிற்பதில்லை. அம்மாவுக்கு விருப்பமில்லை.

“பழசு நல்லாத்தானடா இருக்கு. போடியில இருக்க சொந்தக்காரன் பூராத்துக்கும் இந்த நம்பருதான தெரியும். ரீசார்ஜு வேற இன்னும் கெடக்கு” என்றாள். பிறகு போட்டுக்கொண்டாள். நான் ஒன்றைப் பிடிவாதமாகச் சொன்னால் கொஞ்சம் திட்டிவிட்டு ஒப்புக்கொள்வாள். அவள் போனில் நானே பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைப் பதிவு செய்தேன்.

சோதனை தொடங்கியது. எனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு போனும் ஒரு புள்ளி. செய்தி போய்ச் சேர்ந்தால் சாம்பல் நிறம். திறந்து பார்த்தால் பச்சை. மாமா அழுத்தியதும் சிவப்புத் திரைக்காரர்களின் புள்ளிகள் மளமளவென்று பச்சையாகும், மழை வந்ததும் முளைத்தது மாதிரி. சாம்பல் அட்டைக்காரர்களின் புள்ளிகள் அப்படியே கிடக்கும். டீ குடிக்க உட்காரும்போது ஒன்றிரண்டு பச்சையாகும். நல்ல வித்தியாசம். படமாக வரைந்தபோது இரண்டு கோடும் தெளிவாகப் பிரிந்து நின்றன. இவ்வளவு தெளிவான படம் சேலைக்கடையில் கிடைக்காது.

தமிழ்ப்ரியாவுக்கு அனுப்பினேன். அவளுக்குப் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இது நெசமான அலர்ட்லயாங்க பண்றீங்க? இல்ல, சும்மா டெஸ்ட் மெசேஜா?”

“டெஸ்ட் மெசேஜ்தானுங்க” என்றேன்.

“அப்ப சரிங்க. இன்னுங் கொஞ்ச நாள் ஓடட்டும். ஆளு கம்மியா இருக்குதுல்லங்க.”

அவள் கேட்ட அன்றே நிறுத்தியிருக்கலாம். வித்தியாசம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆனால் ஆள் கம்மி என்று அவள் சொன்னதும் சரிதான்.

இந்தச் சமயத்தில் முத்துப்பேச்சி அத்தையின் எண் கட் ஆகிவிட்டது. வெகுநாள் ரீசார்ஜ் பண்ணவில்லை, கம்பெனி எண்ணையே எடுத்துக்கொண்டது. எங்கள் லயத்தில் இப்படி ஆனால் பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கிற சிம்மை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். சர்க்கரை வாங்குவது மாதிரிதான். அம்மாவின் பழைய சிம்மில் ரீசார்ஜ் மிச்சம் இருந்தது. “வீணாத்தான போகுது, எடுத்துக்க மதினி” என்று அம்மா கொடுத்துவிட்டாள். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

அத்தை போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“மருமவனே, உங்கம்மா சிம்மு எனக்கு வந்துருச்சு. இனி நான் போன் போட்டா ஒனக்கு அம்மான்னுதான் வரும். அம்மான்னே கூப்புட்டுக்க, நான் கோவிச்சுக்கிட மாட்டேன்” என்று சிரித்தாள். “அந்தப் பெரியவரு விசயத்த இதுல மாத்திக் குடு. புது நம்பரு கேக்குது.”

போனை வாங்கினேன். அவளுடைய பழைய எண் இரண்டில் முடிந்தது. சிவப்புத் திரை. அம்மாவின் பழைய எண் ஏழில் முடியும். எண் கேட்கிற கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் என்ன எண்ணை வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். சரிபார்க்கிற வசதியை நான் அதில் வைக்கவே இல்லை. அத்தையும் படித்துப் பார்த்திருக்க மாட்டாள்.

ஏழில் முடிகிற எண்ணை அடித்துக் கொடுத்தேன். அதுதான் அவளுடைய உண்மையான எண். பொய்யான எண்ணை அடித்தால் கணக்கில் பொய் சேர்ந்துவிடும்.

“செய்தி வரும்ல?” என்றாள்.

“வரும் அத்த” என்றேன்.

அது பொய் இல்லை. வந்தது.

அன்றைக்கு நல்ல மூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. நான் இன்னும் தூங்கப் போகவில்லை. பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புகிற பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மா படங்கைத் தேடிக்கொண்டிருந்தாள். கொழுந்துக்காரர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற பிளாஸ்டிக் தாள் அது. அத்தை வாசலில் நின்று, “மதினி, நான் முன்னால போறேன், நீ ஒப்பன பண்ணி முடிச்சுட்டு வா” என்று கிண்டல் செய்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் ஊளையிட்டது. அம்மா படங்கைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் சில வீடுகளில் ஊளை கேட்டது. நான் லேப்டாப்பைத் திறந்து புள்ளிகளைப் பார்த்தேன். இரட்டைப்படை வரிசை பச்சையாகிக்கொண்டே வந்தது. ஒற்றைப்படை வரிசையில் ஏழில் முடிகிற புள்ளி சாம்பலாகவே இருந்தது.

அது யார் என்று எனக்குத் தெரியும். அவள் பாதையில் இருக்கிறாள் என்றும் தெரியும். போனை அவள் படங்குக்கு உள்ளே, சேலை மடிப்பில் சொருகி வைப்பாள். ஒருமுறை அதிர்ந்தால் நடக்கிற ஆளுக்குத் தெரியாது. இதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. பதற்றத்தில் ஒன்றும் புரியவில்லை என்று நான் சொல்லவில்லை.

என் போன் கையில்தான் இருந்தது. எண்ணையும் எடுத்துவிட்டேன். திரையில் ‘அம்மா’ என்று வந்தது. பெயரை நான் இன்னும் மாற்றவில்லை. எனக்குப் பக்கத்தில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டால் அத்தை எடுப்பாள், திரும்பிவிடுவாள். அப்போது அது என் போனால் நடந்ததாகிவிடும். பக்கத்தால் நடந்ததாகாது. சோதனைக்கு நடுவில் கை வைத்தால் அதுவரை சேர்ந்த கணக்கும் கெட்டுவிடும். எப்படியும் சிவப்பு வந்தவர்கள் யாராவது கத்திக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். புள்ளி பச்சையாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதையிலிருந்து சத்தம் கேட்டது. யானையின் சத்தம்தான். மற்றது கேட்கவில்லை.

மேட்டிலிருந்து மாமா ஓடி வந்தார். அவர்தான் பட்டனை அழுத்தியது. மனைவிக்கும் போயிருக்கும் என்று நம்பி, அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். “நான் அமுக்குனேன், நான் அமுக்குனேன்” என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அழுத்தினார் என்று நானும் சொன்னேன். அது உண்மை.

சோதனையை அதன் பிறகும் நிறுத்தவில்லை. இதைத்தான் நீங்கள் இரண்டு முறை திருப்பிக் கேட்டீர்கள். இப்படி யோசித்துப் பாருங்கள். நடந்தது நடந்துவிட்டது. அதோடு நிறுத்தினால் அத்தை போனதற்கு ஒரு பயனும் இல்லாமல் போகும். முடித்துக் காட்டினால், சிவப்புத் திரைதான் சரி என்பதற்கு யாரும் மறுக்க முடியாத கணக்கு இருக்கும். நாளைக்கு வேறு எஸ்டேட்காரர்களுக்கு உதவும். தமிழ்ப்ரியாவுக்கு அனுப்புவதற்காக எழுதி வைத்ததில் அத்தைக்கும் ஒரு இடம் கொடுத்தேன். ‘இடையில் விலகிய பயனர்: ஒருவர்’ என்று எழுதினேன். அந்தத் தொழிலில் அப்படித்தான் எழுதுவார்கள். வேறு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

பிறகு பதினாறாம் நாள் காரியம். போடியிலிருந்து சொந்தக்காரர்கள் மலையேறி வந்திருந்தார்கள். மாமா வீட்டுக்குள் உட்கார இடமில்லை. அத்தையின் படத்துக்கு மாலை போட்டு, படத்தின் முன்னால் அவள் போனையும் வைத்திருந்தார்கள். அதில் அவள் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. மாமா தினமும் அதைச் சார்ஜ் போட்டு வைப்பார். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது மேட்டில் மாமாவுக்குப் பதிலாக இருந்த வாச்சர் பட்டனை அழுத்தினார்.

வீட்டுக்குள் பாதி போன் ஊளையிட்டது. வெளியூர்க்காரர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

ஜீப் ஓட்டுகிற ஜெகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்தவனிடம், “ஏலே, ஒன் போனு என்ன இப்பிடிக் கத்துது? எனக்குச் சத்தத்தையே காணோம்” என்றான்.

“ஒன் போனு செவுடாயிருக்கும். ஓனரு மாதிரி.”

“எனக்கும் வரலையேடா.”

“காமி. வந்துருக்குடா, இந்தா, சின்னதா ஒண்ணு. இது என்னது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு.”

சிரித்தார்கள். போன்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாமா எழுந்து படத்தின் முன்னால் இருந்த போனை எடுத்தார். மாலையிலிருந்து உதிர்ந்த இதழைத் துடைத்தார். திரையில் மஞ்சள் புள்ளி வைத்த அட்டை இருந்தது. சத்தமே இல்லாமல் வந்திருந்தது. அதன் கீழே அவள் போன அன்றைக்கு வந்த அட்டையும் திறக்கப்படாமல் இருந்தது.

“மருமவனே, இது ஏன் கத்தல?” என்றார்.

“அது வேற டிசைன் மாமா” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லோருக்குமாக விளக்கினேன். இரட்டைப்படை, ஒற்றைப்படை, பாதி, பாதி. விளக்குவது எனக்கு நன்றாக வரும்.

“அவ நம்பரு ரெண்டுல்லா முடியும்” என்றார் மாமா. “ரெண்டு கத்துற நம்பருதானே?”

“அது கட்டாயிருச்சு மாமா. இது வேற சிம்மு.”

சோற்றுச் சட்டியோடு அடுப்படி வாசலில் நின்ற அம்மா, “அது என் சிம்மு” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைக்கவும் இல்லை.

“அப்ப எனக்கு எதுக்குடா புது சிம்மு வாங்கிக் குடுத்த?”

சிக்னல் கிடைக்கவில்லை என்றுதானே சொன்னேன் என்றேன். அம்மா தன் போனை எடுத்துப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. ‘பாத்துட்டேன்’ என்பதை அவள் அழுத்தவில்லை. அது ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. யாரோ வாங்கி அழுத்தி நிறுத்தினார்கள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்ததாக எழுத வேண்டாம். ஜெகன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே விட்டான். பூப்பாறை இறக்கத்தில், “என் நம்பரு ஒம்போதுலே. ஒரே தட்டுல தின்னவன்டா நானு” என்றான். ஒன்பது ஒற்றைப்படைதான். மாமா புகார் எழுதவில்லை. எதற்கு, யார் மேல் என்று எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பிரிவில் போடுவது என்று உங்களுக்கும் தெரியவில்லை என்று நேற்று சொன்னீர்கள். கொன்றது யானை. பாதை யாருடையதும் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது.

அம்மாவின் கேள்விக்கு நான் அங்கே உண்மையைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். பழைய சிம்முக்கு சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சோதனையைத் தொடங்குவதற்கு முந்தைய நாள் சாந்தன்பாறையில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு கட்டு சிம்மை எடுத்துப் போட்டு, ஃபேன்சி நம்பர் வேண்டுமா என்றான். ஃபேன்சி எல்லாம் வேண்டாம், கடைசி எண் மட்டும் இரட்டையாக இருக்கட்டும் என்றேன். நாலில் முடிகிற ஒன்றைக் கொடுத்தான். சாம்பல் அட்டை நன்றாக வேலை செய்யும் என்று நான் நம்பினேனா என்று கேட்டீர்கள். நம்பினேன். நம்பாமல் யாராவது பாதி லயத்தின் போனில் அதைப் போடுவார்களா.

அம்மா விஷயம் வேறு. அவளுக்கு வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அத்தையும் அவளும் ஒரே வயது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வாக்குமூலத்தை மலையாளத்தில் மாற்றும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாருக்கு எது போக வேண்டும் என்பதை எண்தான் முடிவு செய்தது. நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.